வேனுக்கு வெந்நீர்

பயந்த மனிதன் கையில் வேன் சாவியைக் கொடுக்கக் கூடாது. எனக்கு வேன் விற்றவருக்கே இது தெரிந்துவிட்டது. சாவியை வாங்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, "அண்ணே, ஒடம்பு சுகமில்லையா?" என்று கேட்டார். உடம்பெல்லாம் சுகம்தான். இனி இந்த வேன் என்னுடையது என்ற நினைப்பில் வந்த நடுக்கம் அது.

எனக்கு எதற்கெல்லாம் பயம் என்று சொல்வதைவிட எதற்குப் பயமில்லை என்று சொல்வது சுலபம். தூங்கும்போது பயமில்லை. இலங்கை மலையில் எல்ல என்ற ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது பாதையை மேகம் மூடினால் பயம். எதிரே லொறி வந்தால் பயம். எதிரே எதுவுமே வராவிட்டால், ஏன் ஒன்றும் வரவில்லை, கீழே மண் சரிந்துவிட்டதோ என்று இன்னும் அதிகப் பயம். ஆட்களிடம் பேசவும் பயம். எல்ல டவுனில் வெள்ளைக்காரர்கள் கை காட்டினால், பார்க்காதவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். (இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டுமே. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழிலேயே முதல் வார்த்தை வெளியே வர நேரமாகும்.)

இத்தனை பயத்துக்கும் மேலே ராஜா மாதிரி ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. அது டீசல் பம்பு.

என் வேன் பழைய டொல்பின் மாடல். எஞ்சினுக்கு அளந்து அளந்து டீசல் ஊட்டுவது அந்தப் பம்புதான். அதற்கென்று தனியாக எண்ணெய் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலேதான் அதற்குச் சாப்பாடும், வழுவழுப்பும். டீசலில் தண்ணீர் இருந்தால் துரு ஏறும். தூசி இருந்தால் உள்ளே கீறும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் காய்ந்துபோய் இரும்போடு இரும்பு உரசும். டீசல் தட்டுப்பாட்டில் பெட்ரோல் ஷெட்டில் எல்லோரும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தக் காலத்துக்குப் பிறகு, கிடைத்த டீசலைக் கிடைத்த பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்தவர்கள் பலர். பழைய பெயின்ட் டின், மருந்தடிக்கிற கேன், தண்ணீர்ப் பீப்பாய், எது கிடைத்ததோ அது. அதை ஊற்றி ஓட்டிய வேன்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. வேன் ஸ்டாண்டில் மற்றவர்கள் அரசியல் பேசுவார்கள். நான் ஓரமாக நின்று, எந்தப் பம்பு எந்த வளைவில் செத்தது என்ற கதையை இழவு வீட்டுச் செய்தி மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேட்டுக்கேட்டு எனக்குப் புத்தி மாறிவிட்டது. டீசல் வாங்கினால் நேராக டேங்கில் ஊற்றமாட்டேன். கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஜன்னலில் வைப்பேன். அடியில் தண்ணீர் இறங்குகிறதா என்று வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பேன். மீதியை என் மனைவி புஷ்பத்தின் பழைய நைலெக்ஸ் சேலையை நாலாக மடித்து வடிகட்டுவேன். காலி டேங்கில் ராத்திரிக் குளிருக்கு வேர்த்துத் தண்ணீர் பிடிக்கும் என்று சாயங்காலமே நிரப்பி வைப்பேன். காலையில் பில்டருக்குக் கீழே இருக்கும் திருகைக் கழற்றி, தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுத்தான் முகம் கழுவுவேன்.

"புள்ளைக்குப் பால் ஆத்துனப்ப கூட நீங்க இம்புட்டுக் கவனமா இல்ல" என்பாள் புஷ்பம்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது. இதெல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் பயந்தவனுக்கு நல்ல பழக்கம் போதாது, மருந்தும் வேண்டும். யார் எதைச் சொன்னாலும் டேங்கில் ஊற்றினேன். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற டூ-டி ஒயில் ஊற்றினேன். மலைக்குக் கீழே பதுளை டவுனில் ஒரு கடையில் சின்னப் போத்தல் ஒன்று வாங்கினேன். லேபிள் முழுக்க எனக்குத் தெரியாத எழுத்து. ஆனால் படத்தில் ஓர் எஞ்சின் சிரித்துக்கொண்டிருந்தது. எஞ்சினே சிரிக்கும்போது நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்? அதையும் ஊற்றினேன்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டில் கல்யாணம் வந்தது.

பெண், என் அக்கா ராணியின் மகள் தர்ஷினி. அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. தர்ஷினி பாவாடை கட்டிய காலத்திலிருந்து எங்களோடுதான் வளர்ந்தாள். கல்யாணத்துக்கு வர அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான்கு நாள் அழுதாள், பிறகு ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள்.

"தம்பி, தாலி ஏறுறத மட்டும் நான் போன்ல பாத்துரணும். அப்புறமா போட்டோ அனுப்புறது வேணாம். ஏறுற அந்த நேரத்துல பாக்கணும். இங்க வீட்டுக்காரங்க எந்திரிக்கிறதுக்கு முந்தி முகூர்த்தம் முடிஞ்சிரும், நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். கொஞ்சம் தள்ளிப் போனாலும் என்னைய வேலைக்குக் கூப்பிட்டுருவாங்க."

கல்யாணம் பதுளையில் கோயிலில். பெண்ணை எப்படி அழைத்துப் போவது என்று பேச்சு வந்தபோது, பெண்ணின் அப்பா, அதாவது என் அத்தான், "பதுளையில இருந்து நல்ல கார் ஒண்ணு பிடிப்பம்" என்றார். அப்போது யாரோ, "நம்ம வேன் இருக்கும்போது என்னாத்துக்கு?" என்று சொன்னார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொன்னது நான்தான். வீட்டுச் சுவர் பேசினால் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்கள்.

போனில் இருந்த அக்கா உடனே, "தம்பி ஓட்டுனா எனக்குப் பயமே இல்ல" என்றாள். தாய்மாமன் நான், பெண்ணை நான் அழைத்துப் போவதுதான் முறையும்கூட. முடிந்தது பேச்சு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. (பயமில்லாமல் இருந்த ஒரே நேரமும் போயிற்று.)

கல்யாணத்துக்கு முதல் நாள் டீசல் வாங்கி வந்து போத்தலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் மெல்லிசாகப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. போத்தலைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடி சுனில் ஐயாவிடம் காட்டினேன். சுனில் ஐயா என்னைவிட மூத்த டிரைவர், சிங்களவர், என்னைத் தம்பி என்ற அர்த்தத்தில் மல்லி என்றுதான் கூப்பிடுவார்.

"இது ஒண்ணும் இல்ல மல்லி. இறங்கும். பில்டர் புடிச்சிடும்."

"பம்பு காஞ்சிருச்சின்னா ஐயா? நாளைக்குப் பொண்ணு போகணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். "எங்க மாமா மாத்தறைல போட் வச்சிருக்கிறது. டீசலுக்குக் கொஞ்சம் தேங்கா எண்ணெய் போடுறது. பம்பு பூ மாதிரி" என்றார்.

கொஞ்சம் என்றுதான் சொன்னார். ஆனால் கொஞ்சம் என்பது தைரியசாலிகளின் அளவு.

வீட்டுக்கு வந்தால், பலகாரம் சுட வாங்கிய தேங்காய் எண்ணெய் டின் அடுப்புப் பக்கத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நானே. எங்கள் ஊர்க் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் மெழுகு மாதிரி உறைந்துவிடும். தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலைக்கூட வெயிலில் வைத்து உருக்கித்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் டின்னை அடுப்புச் சூட்டில் வைத்திருந்தேன். அதே கையால் அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு போய், சாயங்காலம் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மும்முரத்தில் இருக்கும்போது, வேன் டேங்கில் ஊற்றினேன். முதலில் கொஞ்சம். பிறகு முகூர்த்தத்தை நினைத்துக் கொஞ்சம். பிறகு அக்காவை நினைத்துக் கொஞ்சம். டின் காலியானபோது மனதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மாத்தறையில் கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, எல்ல மலையில் இரண்டும் இல்லை என்பது அந்த நிம்மதியில் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடிந்தபோது வாயைத் திறந்தால் ஆவி வந்தது. அவ்வளவு குளிர். வேன் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. 'எண்ணெய் வேலை செய்கிறது' என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான்களோடு அத்தான் முன்பே லொறியில் போய்விட்டார். பின் சீட்டில் பட்டுச்சேலையில் தர்ஷினி, பக்கத்தில் புஷ்பம், இன்னும் உறவுக்காரப் பெண்கள். தர்ஷினி கையில் போன், போனில் அக்கா. முன் சீட்டில் என் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா கலா. எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்துதான் பெண்ணை அழைத்துப் போவது வழக்கம். அதற்காக லுணுகலையிலிருந்து முதல் நாளே வந்திருந்தாள். முன்பள்ளி டீச்சர். சின்னப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்கின்றன என்று பார்த்துப் பழகிய கண். அந்தக் கண் என் கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தது. அவளுடைய அம்மா நேரத்தில் கறாரான ஆள் என்றும், முகூர்த்தம் தவறினால் மணவறையை விட்டு எழுந்துவிடுவோம் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கலாவிடம் நான் பேசவில்லை. (அதனால் இல்லாவிட்டாலும் பேசியிருக்கமாட்டேன்.)

எல்ல டவுனைத் தாண்டினோம். தெமோதரைப் பக்கம் இறக்கம் தொடங்கியது. பின்னால் பெண்கள் பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். ஒரு வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஒரு தரம் விக்கியது. இன்னொரு தரம் விக்கியது. பிறகு சத்தமே இல்லை. டயர் உருளுகிற சத்தமும் பெண்களின் பாட்டும் மட்டும் கேட்டது.

இறக்கத்தில் எஞ்சின் நின்றால் கியரில் விட்டு அமைதியாக ஓரம் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் கிளட்ச்சை அடியோடு மிதித்தேன். பிரேக்கைப் பயத்தில் குத்துக் குத்தென்று குத்தினேன். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பலம் மிச்சம் இருக்கும். அதை நானே குத்தித் தீர்த்துவிட்டேன். அப்புறம் மிதித்தால் பாறையை மிதிக்கிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி கனத்தது. இடது பக்கம் தேயிலை மேடு, வலது பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு கூரை தெரிந்தது, கூரை மேல் யாரோ மிளகாய் காயவைத்திருந்தார்கள். அந்த மிளகாய் இன்றைக்கும் என் கனவில் வரும்.

ஒரு பெரிய அலறல் கேட்டது.

நான் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். வேன் இடது பக்கம் சாய்ந்து, ரோட்டோர மானாப்புல்லை உரசிக்கொண்டே போய், மேட்டில் முட்டி நின்றது.

போனிலிருந்து அக்கா, "ஐயோ! புள்ளைக்கு என்னா? தர்ஷினியா கத்துனது?" என்றாள்.

"இல்லம்மா. மாமா."

"மாமாவா?"

"ஆமாம்மா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மாமாதான் இன்னும் கத்திக்கிட்டு இருக்காரு."

அப்போதுதான் வாயை மூடினேன்.

இறங்கினேன். என் மனதில் ஒரே நினைப்பு: பம்பு போய்விட்டது. பம்பு போனால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. பில்டருக்கு மேலே கையால் அழுத்தி டீசலை இழுக்கிற ஒரு சின்னப் பம்பு உண்டு, அதை அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. அடித் திருகைக் கழற்றினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். வழவழவென்று வெள்ளையாக ஒரு கட்டி என் உள்ளங்கையில் விழுந்தது.

கலா டீச்சர் குனிந்து பார்த்தாள். "அங்கிள், டீசல் வெள்ளையாவா இருக்கும்?"

"சில... சில டீசல் அப்பிடித்தான்" என்றேன்.

புஷ்பம் இறங்கி வந்தாள். கட்டியை விரலால் தொட்டாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அது உருகியது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு நிதானமாக, தினமும் தலைக்குத் தடவுகிற பழக்கத்தில், கையைத் தன் கொண்டையில் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் எண்ணெ டின்னக் காணோம்னு எத்தன பேரச் சந்தேகப்பட்டேன் தெரியுமா? பக்கத்து வீட்டு மரகதத்தோட சண்டையே போட்டேன். அவ கற்பூரம் அடிச்சிச் சத்தியம் பண்ணுனா." பிறகு, "ஏங்க, வேனுக்கு வடையா சுட்டீங்க?" என்றாள்.

எண்ணெய் டீசலைவிடக் கனம். கலக்காமல் ஊற்றினால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்கில் இருந்து டீசல் உறிஞ்சுகிற குழாயும் அடியில்தான். இரவுக் குளிருக்கு அங்கேயே உறைந்து, காலையில் குழாயில் பழைய டீசல் தீரும்வரை நல்லபிள்ளையாக ஓடவிட்டு, சரியாக இறக்கத்தில் குரல்வளையைப் பிடித்திருக்கிறது. இதெல்லாம் அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. புத்தி எனக்கு எப்போதும் வரும், ஆனால் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

போனில் அக்கா கேட்டாள், "தம்பி, நேரத்துக்குப் போயிருவீங்களா?" அவள் குரல் சின்னதாகிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வழியாக வந்த ஒரு லொறிக்காரர் நிறுத்தி எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட, ஒரு பேப்பரக் கொளுத்தி டேங்கிக்குக் கீழ காட்டுங்க. அஞ்சு நிமிசத்துல உருகிரும்" என்றார். பட்டுச்சேலை கட்டிய பெண்கள், டீசல் ஒழுகிய தரை, கீழே நெருப்பு. "வேணாம்!" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் சரியான இடத்தில் பயந்தது அந்த ஒரு தடவைதான். லொறிக்காரர் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். (அவரிடம் லிப்ட் கேட்டிருக்கலாம் என்பது அவர் போன பிறகு தோன்றியது. சொன்னேனே, அடுத்த பஸ்.)

"நெருப்பு வேணாம்னா வெந்நி?" என்றாள் புஷ்பம்.

கொஞ்சம் கீழே ரோட்டோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரப் பெண்மணிக்கு, கல்யாணக் கூட்டம் வந்து வெந்நீர் கேட்கிறதே, பெண் மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பதற்றம். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடையிலிருந்த வெந்நீர்க் கேத்தல்களையெல்லாம் கொடுத்தாள். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கேத்தலோடு பெண்கள் வரிசையாக ரோட்டில் ஏறி வந்தார்கள். நான் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு டேங்கையும் குழாயையும் துணியால் சுற்றிவிட்டேன். அவர்கள் ஊற்றினார்கள். வேன் முழுக்க ஆவி பறந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ கோயில் அபிஷேகம் மாதிரி இருந்திருக்கும். தர்ஷினி போனைத் திருப்பிப் பிடித்து அக்காவுக்கு எல்லாவற்றையும் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் ஊத்துங்க புள்ள" என்று குவைத்திலிருந்து உத்தரவு வந்தது.

நடுவில் கலாவின் போன் அடித்தது. அவளுடைய அம்மா. நான் வேனுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வந்துகிட்டு இருக்கோம்மா... இல்லம்மா, ஒண்ணும் இல்ல. அங்கிள் கொஞ்சம் மெதுவா ஓட்டுறாரு... ஆமாம்மா... இல்ல, அதவிட மெதுவா."

வேன் மேட்டில் முட்டி நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்து நான் அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தது என் செருப்பு மட்டும்தான்.

பில்டரைக் கழுவி மாட்டி, கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தேன். இருமியது. பிடித்துக்கொண்டது. பெண்கள் கைதட்டினார்கள். புறப்பட்டோம். புகைக்குழாயில் இருந்து வந்த வாசனை வேனுக்குள் ஏறியது. சூடான உளுந்து வடை வாசனை. காலையில் யாரும் சாப்பிடவில்லை. "பசிக்குது" என்றாள் பின்னால் ஒருத்தி. அவள் சொல்லி முடிப்பதற்குள், இரண்டு வளைவு தாண்டி வேன் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை கியரில் விட்டு ஒழுங்காக ஓரம் கட்டினேன். பாராட்ட யாரும் இல்லை.

சூடு ஆறினால் அடியில் இருக்கும் எண்ணெய் மறுபடி உறையும். டேங்கை நம்ப முடியாது. போனில் சுனில் ஐயாவைக் கூப்பிட்டேன். எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டார். முழு டின்னும் என்றேன். "அங்கேயே நில்லு மல்லி. வேற ஒண்ணும் ஊத்தாதே" என்றார்.

தன் வேனிலிருந்து டீசல் இறக்கி, ஒரு கேனில் பிடித்துக்கொண்டு, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பறந்து வந்தார். எஞ்சினுக்கு டீசல் போகிற குழாயையும், மிச்சம் திரும்பி வருகிற குழாயையும் டேங்கிலிருந்து பிரித்து, இரண்டையும் கேனுக்குள் விட்டார். டேங்கு இனி வெறும் அலங்காரம். ஆனால் குழாய் நீளம் போதவில்லை. முன் சீட்டுக் கால் வைக்கிற இடம்வரைதான் வந்தது. அங்கே வைத்தால் வளைவில் கேன் சாய்ந்துவிடும். யாராவது பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

முன் சீட்டில் இருந்தது மாப்பிள்ளையின் அக்கா. கத்தரிப்பூக் கலர் பட்டு. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைப்பது மாதிரித் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"குடுங்க" என்றாள் கலா. சேலையைச் சுருட்டி முழங்காலுக்கிடையில் சொருகிக்கொண்டு, கேனைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். "ஸ்கூல்ல இதவிட மோசமானதெல்லாம் மடியில ஊத்துவாங்க. நீங்க ஓட்டுங்க அங்கிள். இப்ப மட்டும் கொஞ்சம் வேகமா."

ஓட்டினேன். பயந்த மனிதன் வேகமாக ஓட்டுவதை நீங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் "பிடிச்சிக்கங்க, பிடிச்சிக்கங்க" என்று நான் சொல்ல, "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று கலா சொல்ல, "தம்பி, தம்பி" என்று குவைத் சொல்ல, பதுளைக்கு வந்து சேர்ந்தோம்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். கதவைத் திறந்து முதலில் இறங்கியது அவருடைய மகள்தான். குழாய்களைப் பிடுங்கிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கேனைக் கையோடு தூக்கிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

"இது என்னாடி?"

"தாய்மாமன் சீர்ம்மா" என்றாள் கலா. "வாங்க, நேரமாச்சு. அப்புறமாத் திட்டலாம்."

அப்புறமாகத் திட்டினார்கள், வேண்டிய மட்டும். ஆனால் முகூர்த்தம் தவறவில்லை. நான் டீசலும் சேறுமாக, மாலை போடத் தகுதியில்லாத கோலத்தில், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். என் கை நடுக்கத்தில் அக்காவுக்குத் தாலி மேலும் கீழும் ஆடித்தான் தெரிந்திருக்கும். மேளம் உச்சத்தில் அடித்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் போனைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "பாத்துட்டேன் தம்பி, பாத்துட்டேன்" என்றாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். போன் அணைந்துவிட்டது.

டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டி வந்தது. வெள்ளைக் கட்டிகளைக் கராஜில் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது நான் நேரத்துக்குப் பில்டர் மாற்றுகிறேன், தண்ணீர் வடிக்கிறேன், நல்ல ஷெட்டில் டீசல் அடிக்கிறேன். மருந்து எதுவும் ஊற்றுவதில்லை. மிச்சமிருந்த சிரிக்கிற எஞ்சின் போத்தல் என்ன ஆயிற்று என்று மட்டும் புஷ்பம் சொல்லமாட்டேன் என்கிறாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் கழித்து அக்கா லீவில் வந்தாள். வந்ததும் வராததுமாக, "தம்பி, ஒன்னால எனக்கு அங்க ஒரு வேலை கூடிப்போச்சு" என்றாள்.

அன்றைக்கு வேனுக்கு வெந்நீர் ஊற்றும்போது, அக்கா போட்ட சத்தத்தில் தூக்கம் கலைந்த வீட்டுக்கார மேடமும் அவளுக்குப் பின்னால் வந்து நின்று போனைப் பார்த்திருக்கிறார். பட்டு கட்டிய பெண்கள் கேத்தலோடு வரிசையாக வந்து, ஆவி பறக்க ஒரு வண்டியைக் குளிப்பாட்டுகிறார்கள். இது என்ன என்று கேட்டிருக்கிறார். தன் தம்பி டீசல் டேங்கில் சமையல் எண்ணெயை ஊற்றிவிட்டான் என்று அந்நிய நாட்டில் எப்படிச் சொல்வது? அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் வண்டிக்கு இப்படித்தான் செய்வோம், வண்டிக்கு எந்தக் கெடுதலும் வராது என்று சொல்லிவிட்டாள்.

மேடம் நம்பிவிட்டார். கொஞ்ச நாளில் அவருடைய மகனுக்குப் புதுக் கார் வந்தது. மேடம் அக்காவைக் கூப்பிட்டு, கொதிக்கக் கொதிக்க ஒரு கேத்தலைக் கையில் கொடுத்தாராம். கார்க் கூரையில் முட்டை பொரிக்கலாம் போன்ற வெயில். அக்கா வேறு வழியில்லாமல் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஊற்றியிருக்கிறாள். பிறகு மருமகளுக்குக் கார் வந்தது, அதற்கும் ஊற்றினாள். இப்போது மேடத்தின் தங்கை வீட்டிலிருந்தும் கூப்பிடுகிறார்களாம்.

"சும்மா ஊத்துனா சந்தேகம் வந்துரும்னு வாய்க்குள்ள மந்திரம் மாதிரி ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே ஊத்துவேன்" என்றாள் அக்கா. "எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு மரியாதையா நிப்பாங்க."

"என்னா மந்திரம் அக்கா?" என்று கேட்டேன்.

"ஒன்னையத் திட்டுறதுதான்" என்றாள்.